ஒளித்துவைத்த பெயர்கள்: நடக்காத வரலாற்றை எழுதிய நாவல்கள் குறித்து



நம்முடைய வாசிப்பு வட்டங்களில் தவறாமல் எழும் ஒரு கேள்வி உண்டு. 1932 செப்டம்பர் 24 அன்று எரவாடா சிறையில் அண்ணல் அம்பேத்கர் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரட்டை வாக்குரிமை நம் கையில் நின்றிருக்குமா? அதற்கு விலையாக எத்தனை சேரிகள் எரிந்திருக்கும்? யாராவது ஒரு மாணவர் கேட்பார். உடனே மூத்த தோழர் ஒருவர், "நடந்ததைப் பேசுங்க தம்பி, நடக்காததைப் பேசி என்ன ஆகப்போகுது" என்று முடித்துவைப்பார். நானும் அப்படிப் பலமுறை முடித்துவைத்திருக்கிறேன். இந்த நினைவுப் பேருரையில் அந்த மாணவர் பக்கம் நின்று பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நடக்காததைப் பேசுவதற்கென்றே ஓர் இலக்கிய வகை இருக்கிறது. மாற்று வரலாற்றுப் புனைவு என்கிறோம். வரலாற்றின் ஒரு கணத்தைப் பிடித்துத் திருப்பிவிட்டு, அதற்குப் பிறகு உலகம் எப்படிப் போயிருக்கும் என்று எழுதுவது. இவ்வகை நாவல்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நம் உலகத்தின் பாட்டு, புத்தகம், தலைவர் பெயர், பண்டிகை நாள் இவற்றைச் சற்றே உருமாற்றி உள்ளே ஒளித்துவைப்பார்கள். தேர்ந்த வாசகர்கள் கண்டுபிடித்து மகிழ்வார்கள். படித்தவர்கள் ஆடும் கண்ணாமூச்சி என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அமெரிக்க அடிமை முறையைச் சுற்றி எழுதப்பட்ட சில நூல்களைப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறியது. எதை ஒளிக்கிறார்கள், யார் கண்டுபிடிப்பார்கள் என்று நம்பி ஒளிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே படித்தால், அந்த நாவல் யாரைத் தன் ஆளாக நினைக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது.

முதலில் ஆள்பவர்களின் விளையாட்டைப் பார்த்துவிடுவோம். 1930இல் வின்ஸ்டன் சர்ச்சில் ஒரு கட்டுரை எழுதினார். ஜே. சி. ஸ்குவையர் தொகுத்து அடுத்த ஆண்டு வந்த நூலில் அது இடம்பெற்றது. 'கெட்டிஸ்பர்க் போரில் லீ வெற்றி பெறாமல் போயிருந்தால்' என்பது தலைப்பு. தலைப்பிலேயே ஒரு தந்திரம் இருக்கிறது. 1863 ஜூலையில் நடந்த அந்தப் போரில் தென் மாநிலங்களின் தளபதி ராபர்ட் லீ உண்மையில் தோற்றுப்போனார். சர்ச்சிலோ, லீ வென்ற உலகத்தில் உட்கார்ந்துகொண்டு, 'ஒருவேளை அவர் தோற்றிருந்தால்' என்று யோசிக்கும் ஒருவரைப் போல எழுதுகிறார். அந்த உலகத்தில் பிரிட்டிஷ் அரசியலின் பரம எதிரிகளான டிஸ்ரேலியும் கிளாட்ஸ்டனும் பாசறை மாறி நிற்கிறார்கள். பழைமைக் கட்சிக்காரர் மக்கள் தலைவராகிறார். மற்றவர் பழைமைக் கட்சிக்குப் போகிறார். லண்டன் கனவான்களுக்கு வயிறு குலுங்கச் சிரிக்க வேண்டிய இடம் அது. அந்த வீட்டுக்குள் வளர்ந்தவர்களுக்கே புரியும் சிரிப்பு.

அதே கட்டுரையில் அடிமைகளுக்கு விடுதலையும் கிடைக்கிறது. யார் தருகிறார்? வென்ற லீயே பெருந்தன்மையோடு தருகிறார். ஏறத்தாழ நாற்பது லட்சம் மனிதர்கள் அடிமைப்பட்டுக் கிடந்த ஒரு நாட்டின் கதையில், அந்த நாற்பது லட்சம் பேருக்கும் வாங்கிக்கொள்வதைத் தவிர வேறு வேலை இல்லை. கோயில் கதவை யாரோ பெரிய மனது வைத்துத் திறந்துவிட்டதாகப் பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு இந்தக் கதைப்போக்கு புதிதல்ல.

1953இல் வார்ட் மூர் எழுதிய 'பிரிங் த ஜூபிலி' நாவலும் தெற்கு வென்ற உலகத்தைத்தான் சொல்கிறது. அதில் தோற்ற வடக்கு வறுமையில் கிடக்கிறது. என்னை நிறுத்தியது அதன் தலைப்பு. 1865இல் ஹென்றி கிளே ஒர்க் எழுதிப் பிரபலமான 'மார்ச்சிங் த்ரூ ஜார்ஜியா' என்ற போர்ப்பாட்டிலிருந்து எடுத்தது. அந்தப் பாட்டு அந்தச் சொல்லை விவிலியத்திலிருந்து எடுத்தது. நம் சேரிச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு லேவியராகமம் 25ஆம் அதிகாரம் நினைவிருக்கும். ஐம்பதாம் ஆண்டு யூபிலி வருஷம். அடிமைப்பட்டவன் தன் குடும்பத்துக்குத் திரும்புவான், கைமாறிய நிலம் பழைய உரிமைக்காரனிடம் திரும்பும். (பஞ்சமி நிலத்துக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடப்பவர்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறை படிக்கலாம். மனுவில் சேர்க்க முடியாது, படிக்கலாம்.) மூரின் கதையில் யூபிலி வரவேயில்லை. வடக்கு வென்றிருந்தால்தானே அந்தப் பாட்டே பிறந்திருக்கும்? நாவலின் உலகத்தில் இருக்க முடியாத ஒரு பாட்டு அந்த நாவலின் அட்டையில் நிற்கிறது.

1962இல் வந்த பிலிப் கே. டிக்கின் 'த மேன் இன் த ஹை காஸல்' இவ்வகையில் எல்லோருக்கும் தெரிந்த நாவல். ஜெர்மனியும் ஜப்பானும் இரண்டாம் உலகப் போரில் வென்ற அமெரிக்கா அதன் களம். அதற்குள் ஒரு தடைசெய்யப்பட்ட நாவல் கைமாறிக்கொண்டிருக்கிறது. நேசநாடுகள் வென்றதாகச் சொல்லும் நாவல். அதில் ஒரு விருந்துக் காட்சி. ஜப்பானிய இளைஞர் ஒருவர் நத்தானியேல் வெஸ்ட்டின் 'மிஸ் லோன்லிஹார்ட்ஸ்' பற்றி வெள்ளைக் கடைக்காரரிடம் விளக்கம் கேட்கிறார். தன் நாட்டு எழுத்தாளரை அந்தக் கடைக்காரர் படித்ததேயில்லை. தோற்றவனின் பண்பாடு வென்றவனின் சேகரிப்புப் பொருளாகிவிடுவதை இதைவிடச் சிறிய காட்சியில் சொல்ல முடியாது. ஆனால் டிக்குக்கு அடிமைகள் முக்கியமில்லை. வெள்ளையர் தாழ்ந்துபோனால் எப்படி இருக்கும் என்பதே அவர் கவலை.

இனி டெர்ரி பிஸனுக்கு வருகிறேன். கென்டக்கியில் பிறந்த வெள்ளை எழுத்தாளர், இடதுசாரி. அவருடைய 'ஃபயர் ஆன் த மவுண்டன்' 1988இல் வெளியானது. அதைப் புரிந்துகொள்ள நடந்த வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1859 அக்டோபர் 16 இரவு, ஜான் பிரவுன் என்ற வெள்ளையர் 21 தோழர்களோடு வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் இருந்த ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றினார். ஆயுதங்களை அடிமைகளிடம் கொடுத்து மலைகளில் தளம் அமைப்பது திட்டம். இரண்டே நாளில் ராணுவம் வந்து முறியடித்தது. அந்தப் படைக்குத் தலைமை தாங்கியவர், சர்ச்சிலின் கட்டுரையில் பெருந்தன்மையோடு விடுதலை வழங்கும் அதே ராபர்ட் லீ. டிசம்பர் 2 அன்று பிரவுன் தூக்கிலிடப்பட்டார். நூற்றுக்கணக்கானோரை அடிமைப் பண்ணைகளிலிருந்து மீட்டுவர உதவிய ஹாரியட் டப்மனும் இதில் கலந்துகொள்வதாக இருந்தது. உடல்நலம் குன்றியிருந்ததால் வரவில்லை என்று சொல்வார்கள்.

பிஸன் மாற்றியது இரண்டே விஷயங்கள். தாக்குதலை ஜூலை 4க்குக் கொண்டுவந்தார். டப்மனைக் கூட்டிவந்தார். கிளர்ச்சி வெல்கிறது. தெற்கில் நோவா ஆப்பிரிக்கா என்ற கறுப்பர் நாடு உருவாகிறது, சோசலிச நாடாக வளர்கிறது. நூறாண்டு கழித்து 1959இல், யாஸ்மின் என்ற பெண் தன் மகளோடு ஹார்ப்பர்ஸ் ஃபெரிக்குப் பயணம் போகிறாள். சிறுவயதில் அடிமையாக இருந்து அந்தக் கிளர்ச்சியைப் பார்த்த கொள்ளுத்தாத்தாவின் நினைவுக் குறிப்புகளை அங்கே சேர்ப்பிக்க வேண்டும். மகளின் பெயர் ஹாரியட். வானில் மனிதர்கள் செவ்வாய்க் கிரகத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் வாசிப்பில் எனக்கு ஜூலை 4 வெறும் தேதியாகத்தான் பட்டது. அது அமெரிக்கச் சுதந்திர நாள். 1852 ஜூலை 5 அன்று, அடிமையாக இருந்து தப்பித்துத் தலைவரான ஃபிரடெரிக் டக்ளஸ், அடிமைக்கு இந்தச் சுதந்திர நாள் என்ன பொருள் தருகிறது என்று கேட்டு ஆற்றிய உரை புகழ்பெற்றது. அந்தக் கேள்விக்கான பதிலை பிஸன் ஒரு தேதிக்குள் வைத்துவிட்டார். நாட்டின் பெயரும் அப்படித்தான். 1968இல் டெட்ராய்டில் கூடிய கறுப்பினப் போராளிகள் தென் மாநிலங்களைச் சேர்த்து 'நியூ ஆஃப்ரிகா' குடியரசு வேண்டும் என்று அறிவித்தார்கள். யாஸ்மினின் குடும்பப் பெயர் ஒடிங்கா. கென்ய விடுதலைத் தலைவர் ஒகிங்கா ஒடிங்காவை அது நினைவூட்டுகிறது. இவற்றைக் கண்டுபிடிக்கச் சர்ச்சிலின் மன்றத்தில் உறுப்பினராக இருக்கத் தேவையில்லை. போராட்டங்களின் துண்டறிக்கைகளைப் படித்திருந்தால் போதும்.

நாவலின் நடுவே ஒரு புத்தகம் வருகிறது. அதன் பெயர் 'ஜான் பிரவுனின் உடல்'. நோவா ஆப்பிரிக்காவின் உலகத்தில் அது ஒரு மாற்று வரலாற்று நாவல். ஜான் பிரவுன் தோற்று, தூக்கில் தொங்கி, வெள்ளையர்களுக்கிடையே போர் நடந்து, லிங்கன் அடிமைகளை விடுவித்தார் என்று அது சொல்கிறது. அதாவது நம்முடைய உலகம். யாஸ்மினுக்கு அது வெள்ளை ஆதிக்கக்காரனின் கெட்ட கனவாகத் தெரிகிறது. நிலமும் இல்லாமல் அதிகாரமும் இல்லாமல் ஒரு விடுதலையா, இதை யார் நம்புவார்கள்? அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். நாம் குடியிருக்கும் வரலாற்றை இன்னொரு உலகத்தின் பெண் படித்துவிட்டு, 'இப்படியும் நடக்குமா' என்று அருவருக்கிறாள்.

இந்தத் தலைப்புக்குள் இன்னொரு கதையும் இருக்கிறது. நம் உலகத்தில் 'ஜான் பிரவுனின் உடல்' 1861இல் வடக்குச் சிப்பாய்கள் பாடிய அணிவகுப்புப் பாட்டு. அதே ஆண்டிலேயே ஜூலியா வார்ட் ஹோ என்ற கவிஞர் அதே மெட்டுக்கு மரியாதையான வேறு வரிகள் எழுதினார். நாடே இன்றுவரை பாடுவது அந்த வரிகளைத்தான். மெட்டு நின்றது, தூக்கிலிடப்பட்டவரின் பெயர் போய்விட்டது. 1928இல் ஸ்டீபன் வின்சென்ட் பெனே இதே தலைப்பில் ஒரு நெடுங்கவிதை எழுதிப் புலிட்சர் பரிசு பெற்றார். பாட்டாகவும் பரிசுக் கவிதையாகவும் போற்றப்பட்ட தோல்வியை பிஸன் எடுத்து, ஒரு மலிவுக் கற்பனை நூலின் தலைப்பாக்கிவிட்டார்.

பிஸனிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. பிரவுனும் டப்மனும் பேருருவங்கள். உடன் சென்ற ஐந்து கறுப்பினத் தோழர்களை உலகம் எளிதில் மறந்துவிட்டது. டேஞ்சர்ஃபீல்ட் நியூபி, லூயிஸ் லியரி, ஜான் கோப்லண்ட், ஷீல்ட்ஸ் கிரீன், ஆஸ்போர்ன் ஆண்டர்சன். பிரவுனின் தோழர்களில் முதலில் கொல்லப்பட்டவர் நியூபி. அடிமைப்பட்டிருந்த மனைவி, தன்னை விற்றுவிடப்போகிறார்கள், சீக்கிரம் வந்து மீட்டுக்கொள் என்று எழுதிய கடிதங்கள் அவர் உடலில் கிடைத்தன. அந்த மனைவியின் பெயரும் ஹாரியட். நாவலின் சிறுமி ஹாரியட் என்று அழைக்கப்படும்போதெல்லாம் எல்லோரும் டப்மனை நினைப்பார்கள். நான் கடிதம் எழுதிய அந்தப் பெண்ணையும் சேர்த்து நினைத்துக்கொள்கிறேன். பிஸன் அப்படி நினைத்து வைத்தாரா என்பது எனக்கு அவசியமில்லை. லியரியின் விதவை மறுமணம் செய்துகொண்டார். அவருடைய பேரன்தான் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ். தப்பிப் பிழைத்த ஆண்டர்சன் 1861இல் தன் வாக்குமூலத்தை ஒரு சிறுநூலாக எழுதினார்.

பிஸனுக்கு 130 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கறுப்பர் இப்படியொரு நாவலை எழுதத் தொடங்கிவிட்டார் என்பது பலருக்குத் தெரியாது. மார்ட்டின் டிலேனி. 1812இல் வர்ஜீனியாவின் சார்ல்ஸ் டவுனில் பிறந்தவர். ஜான் பிரவுன் தூக்கிலிடப்பட்டதும் அதே ஊரில்தான். மருத்துவம் படிக்க 1850இல் ஹார்வர்டில் இடம் கிடைத்தது. வெள்ளை மாணவர்கள் எதிர்த்ததால் வெளியேற்றப்பட்டார். 1858 மே மாதம் கனடாவின் சாத்தம் நகரில் பிரவுன் ரகசியமாகக் கூட்டிய மாநாட்டில் டிலேனி உட்கார்ந்திருந்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் அவருடைய 'பிளேக்' நாவல் 'ஆங்கிலோ-ஆப்பிரிக்கன்' இதழில் தொடராக வரத் தொடங்கியது.

கதாநாயகன் ஹென்றியின் மனைவியை முதலாளி விற்றுவிடுகிறான். ஹென்றி தப்பித்து, தென் மாநிலங்கள் முழுக்கப் பண்ணை பண்ணையாகச் சென்று ஒரு மாபெரும் கிளர்ச்சித் திட்டத்தை அடிமைகளின் காதில் ஓதுகிறான். பிறகு கியூபாவுக்குப் போகிறான். அங்கே பிளாசிடோ என்ற கவிஞர் அவனோடு சேர்ந்து புரட்சிக்குத் தயாராகிறார். இந்தப் பிளாசிடோ கற்பனை மனிதரில்லை. கியூபாவின் கலப்பினக் கவிஞர். கிளர்ச்சிக்குச் சதி செய்ததாகக் குற்றம்சாட்டி ஸ்பானிய அரசு அவரை 1844இல் சுட்டுக்கொன்றது. டிலேனியின் நாவலில் 1850களின் நிகழ்வுகள் பேசப்படுகின்றன. அப்படியானால் செத்தவர் எப்படி உயிரோடிருக்கிறார்? அறிவியல் புனைவு எழுத்தாளர் சாமுவேல் டிலேனி இந்த நாவலை மாற்று வரலாற்றுப் புனைவுக்கு வெகு அருகில் வைத்துப் பேசியிருக்கிறார். எனக்கு அது சரியாகவே படுகிறது. கொல்லப்பட்ட கவிஞர் சாகாத உலகம் அது.

டிலேனி பாடல்களைக் கையாண்ட விதம்தான் நமக்கு நெருக்கமானது. அன்றைய அமெரிக்காவின் சினிமாப் பாட்டு என்று சொன்னால் ஸ்டீபன் ஃபாஸ்டரின் பாடல்கள். வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைப் போல ஆடிப்பாடிய மேடைகளில் அவை ஓகோவென்று ஓடின. எஜமானை நேசிக்கும் அடிமை, பண்ணையை நினைத்து ஏங்கும் அடிமை, இதுதான் பாடுபொருள். ஃபாஸ்டர் பிட்ஸ்பர்க் பகுதிக்காரர். டிலேனியும் நெடுங்காலம் பிட்ஸ்பர்க்கில் வாழ்ந்தவர். தன் நாவலின் அடிமைகளுக்கு அவர் அதே மெட்டுகளைக் கொடுத்தார், வரிகளை மாற்றிவிட்டார். ஃபாஸ்டரின் பாட்டில் விசுவாசமான கிழட்டு அடிமை செத்துப்போகிறான், எல்லோரும் உருகுகிறார்கள். டிலேனியின் பாட்டில் செத்துப்போவது எஜமான். கேட்பவர்கள் மண்வெட்டியை மாட்டிவைத்துவிட்டுச் சிரிக்கிறார்கள். சினிமா மெட்டில் இயக்கப் பாட்டுக் கட்டி, இரவெல்லாம் தெருமுனையில் பாடிய தோழர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறார்கள். ஊரே முணுமுணுக்கும் மெட்டு, தடுக்க முடியாது. உள்ளே இருக்கும் சேதி நம்முடையது.

நாவலில் ஒரு சதுப்புக் காடு வருகிறது. அங்கே ஒளிந்து வாழும் கிழவர்கள் கேப்ரியல், டென்மார்க் வீசி, நாட் டர்னர் என்று கிளர்ச்சி செய்து தூக்கில் தொங்கியவர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பத்திரிகைகள் கொலைகாரர்கள் என்று எழுதிய பெயர்கள். டிலேனி அவற்றை வெளிப்படையாகவே சொல்கிறார். ஆனால் ஹென்றி அடிமைகளின் காதில் ஓதும் திட்டம் இன்னது என்று கடைசிவரை வாசகருக்குச் சொல்வதேயில்லை. பண்ணைக்குப் பண்ணை போகிறான், தனியே கூப்பிடுகிறான், சொல்கிறான், கேட்டவர்கள் முகம் மாறுகிறது. நாம் வெளியே நிற்கிறோம். அந்த இதழை எஜமானர்களும் படிக்கலாம் அல்லவா? வாசகரையே வெளியே நிறுத்தும் துணிச்சல் டிலேனிக்கு இருந்தது.

ஒடுக்கப்பட்டவர் எழுதினாலே ஒளித்துவைப்பதெல்லாம் விடுதலையின் பக்கம் நிற்கும் என்று நம்பிவிடவும் கூடாது. ஜான் பிரவுனின் வரலாற்றை 1909இல் எழுதிய டுபாய்ஸ், 1928இல் 'டார்க் பிரின்சஸ்' என்ற நாவலை எழுதினார். கறுப்பு, பழுப்பு, மஞ்சள் நிற மக்கள் எல்லாம் சேர்ந்து வெள்ளை ஆதிக்கத்தை வீழ்த்தத் திட்டமிடும் உலகம். அமெரிக்கக் கறுப்பினக் கதாநாயகன் ஓர் இந்திய இளவரசியோடு இணைகிறான். இந்தியாவை நோக்கி நீண்ட அந்தக் கையை நாம் மறக்க முடியாது. ஆனால் அந்த இளவரசியின் பெயர் என்ன தெரியுமா? கௌடில்யா. அர்த்தசாஸ்திரத்தின் ஆசிரியர் என்று சொல்லப்படும் பார்ப்பன அமைச்சரின் பெயர். அமெரிக்க வாசகருக்கு அது இந்திய வாசனை வீசும் அழகான பெயர். நமக்கு அதில் வேறு வாசனை அடிக்கிறது. நிறக்கோட்டை அங்குலம் அங்குலமாக அளந்த மாமனிதருக்கு, இந்தியாவுக்குள் ஓடும் கோடு அந்த நாவலில் பிடிபடவில்லை. இந்தியா என்று அவருக்குக் காட்டப்பட்டது யாருடைய இந்தியா என்பதை அந்த ஒற்றைப் பெயர் சொல்லிவிடுகிறது. 1873இலேயே ஜோதிராவ் புலே தன் 'குலாம்கிரி'யை அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கியிருந்தார். இங்கிருந்து அங்கே பார்த்தவர்களுக்கு யார் யாருக்கு உறவு என்று தெரிந்திருந்தது. 1946இல் அண்ணல் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், டுபாய்ஸும் பதில் எழுதினார். நாவல் வந்து 18 ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன.

அந்த மாணவரிடம் திரும்புகிறேன். தம்பி, கையெழுத்து விழாத 1932ஐ நீ எழுது. அந்த உலகத்தின் டீக்கடையில் என்ன பாட்டு ஓடுகிறது, ஐந்தாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் யார் படம் இருக்கிறது, பேருந்து நிலையத்துக்கு யார் பெயர் என்று எழுது. சர்ச்சில் டிஸ்ரேலியையும் கிளாட்ஸ்டனையும் இடம் மாற்றி வைத்தாரே, நீ எம்.சி. ராஜாவையும் இரட்டைமலை சீனிவாசனையும் இடம் மாற்றி வைத்துப் பார். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தவர் ஒருவர். 1932இல் மூஞ்சேயோடு ஒப்பந்தம் போட்டுக் கூட்டுத் தொகுதிக்குப் போனவர் இன்னொருவர். இது தெரிந்தவர்கள் உன் பக்கத்தைப் படித்துச் சிரிப்பார்கள், சிலர் சண்டைக்கும் வருவார்கள்.

ஆனால் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒளித்துவைப்பதற்கு முன்னால், ஒளித்ததைக் கண்டுபிடிக்கும் வாசகர்கள் வேண்டும். அதற்கு அச்சில் இருக்கும் பக்கங்கள் வேண்டும். பண்டிகைகளுக்கும் சொற்களுக்கும் உள்ளே புதைந்த பௌத்த நினைவைத் தோண்டி எடுத்தவர் பண்டிதர் அயோத்திதாசர். அவர் 1907 முதல் 1914 வரை 'தமிழன்' இதழில் எழுதியவை, ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் வந்த பிறகே பரவலாக நம் கைக்குக் கிடைத்தன. 85 ஆண்டு இடைவெளி. டிலேனியின் 'பிளேக்' தொடராக முடிந்தது 1862இல். புத்தகமானது 1970இல், 108 ஆண்டு கழித்து. அப்போதும் முழுமையாக இல்லை. கடைசி அத்தியாயங்கள் வெளியான 1862 மே மாத இதழ்கள் கிடைக்கவில்லை. கியூபாவில் எல்லாம் தயாராகிறது, கிளர்ச்சி வெடிக்கப்போகிறது, பக்கம் அங்கே நின்றுவிடுகிறது.